துப்பாக்கிச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டால் பதவி போய்விடுமா?

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் ஊரிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒன்றுதான். துப்பாக்கி வாங்குகிற எல்லோருடைய பின்னணியையும் சரிபார்க்க வேண்டும் என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொல்கிறார்களே, அப்புறம் ஏன் சட்டம் வரவில்லை? துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ. பணத்தைக் கொட்டி எல்லோரையும் வாங்கிவிட்டது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். பல வருஷமாக டெக்சஸில் இருக்கிறேன். அந்தப் பதில் போதாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். துப்பாக்கிகளை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பார், பேரப்பிள்ளைகள் வந்தால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். யாருக்கு விற்றாலும் சரிபார்த்துத்தான் விற்க வேண்டும் என்பதில் அவருக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைச் சட்டமாக்குகிறேன் என்று சொல்லும் வேட்பாளருக்கு ஓட்டுப் போட மாட்டார். "இன்றைக்குப் பட்டியல் எடுப்பார்கள், நாளைக்கு வாசலில் வந்து நிற்பார்கள்" என்பார். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லி 1791-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் அவருக்குப் பேச்சுரிமை மாதிரி. அதில் ஒரு நூலை உருவினாலும் முழுத் துணியும் போய்விடும் என்று நிஜமாகவே நம்புகிறார்.

எனக்கு ஓட்டுப் போடும்போது பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ், வீட்டு வரி, குடியேற்றம் என்று பத்து விஷயம் மனசில் இருக்கும். அவருக்கு இந்த ஒன்று மட்டும்தான். அந்த எட்டுப் பேர் மீதி இரண்டு பேரிடம் தோற்பது இப்படித்தான்.

அரசியல்வாதிகளின் பயத்துக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1994 செப்டம்பரில் ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கு 10 வருடத் தடை விதிக்கும் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். அந்தத் தடை, பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 214 என்று நூலிழையில் தப்பித்த தடை. நவம்பரில் ஜனநாயகக் கட்சி அந்தச் சபையில் 54 இடங்களை இழந்து, 40 வருடமாகக் கையில் வைத்திருந்த பெரும்பான்மையைப் பறிகொடுத்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே சொந்தத் தொகுதியில் தோற்றார். பதவியில் இருக்கும் சபாநாயகர் தோற்பது 1862-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. டெக்சஸின் ஜாக் புரூக்ஸ் 42 வருட உறுப்பினர், தடைக்கு எதிரானவர். ஆனாலும் தடை சேர்ந்திருந்த குற்றத் தடுப்பு மசோதாவை நடத்திக் கொடுத்தவர் என்பதால் அவரையும் விடவில்லை.

அந்தத் தேர்தலில் வேறு கோபங்களும் இருந்தன. கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சொதப்பியது, வரி உயர்ந்தது. பதவிக் கால வரம்புக்கு எதிராக வழக்குப் போட்ட ஃபோலி மேல் ஊர்க்காரர்களுக்குத் தனிக் கோபம் இருந்தது. இருந்தாலும் கட்சிக்குள் நின்ற பாடம் "துப்பாக்கியைத் தொட்டால் செத்தோம்" என்பதுதான். 2004-இல் தடை காலாவதியானபோது அதை நீட்டிக்கக்கூட முடியவில்லை.

எனக்குப் பொறுக்காதது 2013 ஏப்ரல் 17. சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஆசிரியர்களும் ஊழியர்களும் செத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பின்னணிச் சோதனையை விரிவுபடுத்தும் திருத்தம் செனட்டுக்கு வந்தது. 60 ஓட்டு தேவை, விழுந்தது 54. மேல்மாடத்திலிருந்து ஒரு பெண் "வெட்கமாக இல்லையா" என்று கத்தினார். 2011-இல் அரிசோனாவின் டூசானில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் பிழைத்தவர் அவர். அன்று தங்கள் மாநிலத்துக்குப் பயந்து எதிர்த்து ஓட்டுப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்களில் அலாஸ்காவின் பெகிச், ஆர்கன்சாவின் பிரையர் இருவரும் அடுத்த வருடமே தோற்றார்கள். வட டகோட்டாவின் ஹைட்காம்ப் 2018-இல் தோற்றார். அந்தக் குழந்தைகளின் பெற்றோரைக் கைவிட்டும் பதவி நிற்கவில்லை.

அதே வருடம் கொலராடோவில் நடந்ததைப் பாருங்கள். அரோரா தியேட்டர் கொலைகளுக்குப் பிறகு, துப்பாக்கியின் மேகசினில் (தோட்டா நிரப்பும் உறையில்) 15 தோட்டாவுக்கு மேல் கூடாது, தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்தது. உடனே கையெழுத்து வேட்டை நடத்தி, ஜனநாயகக் கட்சியின் மாநில செனட் தலைவர் ஜான் மோர்ஸையும் ப்யூப்ளோவின் ஆஞ்சலா ஹிரோனையும் செப்டம்பரில் திரும்ப அழைக்கும் தேர்தலில் வீழ்த்தினார்கள். மோர்ஸ் முன்னாள் போலீஸ் அதிகாரி, துப்பாக்கி தெரியாதவர் அல்ல. அவர் தோற்றது சில நூறு ஓட்டில். ஆனால் 2014-இல் அந்த இரண்டு இடங்களையும் அவர் கட்சியே திரும்பப் பிடித்தது. அந்த 15 தோட்டா வரம்பு இன்றும் சட்டமாக இருக்கிறது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

குடியரசுக் கட்சிக்குள் இன்னும் மோசம். 2022 மே மாதம் பஃபலோ சூப்பர் மார்க்கெட்டில் 10 கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பஃபலோவை ஒட்டிய தொகுதியின் எம்.பி. கிறிஸ் ஜேக்கப்ஸ், ராணுவ பாணித் துப்பாக்கித் தடையை ஆதரிப்பேன் என்று சொன்னார். ஒரே வாரத்தில் மறுதேர்தலில் நிற்கவில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எதிர்க்கட்சி அவரை ஒன்றும் செய்யவில்லை. சொந்தக் கட்சியே நெருக்கியது. மறுபக்கம், மெய்ன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி எம்.பி. ஜாரெட் கோல்டன் கிராமப்புறத் தொகுதிக்காரர், தடையை எதிர்த்து வந்தவர். 2023 அக்டோபரில் அவருடைய லூயிஸ்டன் ஊரில் 18 பேர் செத்த மறுநாளே மன்னிப்புக் கேட்டுத் தன் நிலையை மாற்றினார். டிரம்ப் வென்ற அதே தொகுதியில் 2024-இல் அவரும் மயிரிழையில் வென்றார்.

என் பக்கத்து ஆட்கள் செய்யும் தப்பையும் சொல்ல வேண்டும். 2019-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி விவாதத்தில் டெக்சஸின் பீட்டோ ஓ'ரூர்க், ஏ.ஆர்-15 துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளத்தான் போகிறோம் என்று மேடையில் முழங்கினார். எல் பாசோ அவருடைய ஊர், துப்பாக்கிச் சூட்டில் 23 பேரைப் பறிகொடுத்த ஊர், அந்த வேதனை புரிகிறது. ஆனால் என் தெருப் பெரியவர் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த பயத்துக்கு அந்த ஒரு வாக்கியமே சாட்சியாகிவிட்டது. 2022-இல் டெக்சஸ் ஆளுநர் தேர்தல் முழுக்க அது அவரைத் துரத்தியது.

நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்தே பேசலாமே. 2008 ஹெல்லர் தீர்ப்பு, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. அதே தீர்ப்பில், எந்த உரிமையும் போல இதற்கும் வரம்பு உண்டு என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். 2022 புரூவன் தீர்ப்பு, வரலாற்றில் முன்மாதிரி காட்டினால்தான் கட்டுப்பாடு செல்லும் என்று இறுக்கியது. 2024-இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதை 8-க்கு 1 என்று அதே நீதிமன்றம் ஏற்றது. உரிமை இருக்கிறது, வரம்பும் இருக்கிறது என்று இந்த நீதிபதிகளே சொல்லும்போது, அதை வேட்பாளர்கள் தயங்காமல் கிராமத்தில் போய்ச் சொல்லலாம்.

டெக்சஸ் தமிழர்களில் குடியுரிமை வாங்கியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு விளக்கை அணைத்து மூலையில் உட்காரப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கலங்குகிறோம். யுவால்டி நகரத்தின் அப்போதைய குடியரசுக் கட்சி எம்.பி. டோனி கன்சாலஸ், அங்கே 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்த பிறகு 2022-இல் வந்த துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதற்காகவும் வேறு சிலவற்றுக்காகவும் சொந்தக் கட்சி அவரைக் கண்டித்தது. 2024 உட்கட்சி மறுசுற்றில் துப்பாக்கி யூடியூபர் ஒருவரிடம் ஐநூறுக்கும் குறைவான ஓட்டில் தப்பினார். அந்த மறுசுற்றில் பதிவானதே ஏறக்குறைய 30,000 ஓட்டுதான். டெக்சஸில் கட்சியில் பதிவு செய்யாமலேயே எந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். அது மார்ச் மாதத்தில் வரும், யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். எந்தக் கட்சியானாலும் சரி, போய்ப் போடுங்கள்.