உறுமலுக்கு மருந்து கேபிள் இல்லை

நேற்று ஒரு பதிவில் நடந்ததை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். டிவியை ஆம்போடு (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) இணைத்ததிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, என்ன செய்யலாம் என்று ஒரு தம்பி கேட்டார். பாதிப் பேர் "நல்ல விலையில கேபிள் வாங்குங்க" என்றார்கள். எர்த் லூப்பாக இருக்கும், முதலில் ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பாருங்கள் என்று எழுதினேன். "உங்களுக்குக் காது பழகலை சார்" என்று பதில்.

இதில் காதுக்கு என்ன வேலை? ஆன்டெனா ஒயர் ஓர் இடத்தில் எர்த் ஆகிறது. ஆம்ப் தன் பிளக்கின் மூன்றாவது முள் வழியாக இன்னோர் இடத்தில். இரண்டுக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், டிவியையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிளின் வெளிவலை வழியே கரண்ட் ஓடும். இதுதான் எர்த் லூப். அந்தக் கரண்ட்தான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அதே வழியில்தான் ஓடும். ஆன்டெனா ஒயரைக் கழற்றியதும் சத்தம் நின்றால், அந்த ஒயருக்கு ஒரு ஐசோலேட்டர் (எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சின்னக் கருவி) போடுங்கள். இல்லையென்றால் டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள். அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், உலோகத் தொடர்பே கிடையாது. ஒடித்து மடிக்காமல் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்போ எல்லா கேபிளும் ஒண்ணா?" என்பார்கள். அப்படி நான் சொல்லவே இல்லை. நீளம், தடிமன், முனை. இந்த மூன்றைப் பாருங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டர், சுமார் 0.12 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே ஒயரை 4 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் இழுத்தால் 0.35 ஓம் ஆகிவிடும். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் ஒயரின் தடை நிற்க வேண்டும் என்பது கணக்கு. அங்கே 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் ஒன்றரை மடங்கு தடை.

முனையை யாருமே கவனிப்பதில்லை. ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கிச் சொருக வேண்டும். முடி போல ஓர் இழை விலகிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும். அந்த வசதி இல்லாத ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் எரியும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் செத்துவிடும். அதற்கும் கேபிளைத்தான் குறை சொல்கிறார்கள்.

"எங்களுக்கு வித்தியாசம் கேட்குதே" என்கிறீர்களா? டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதன் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜில், கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) கூடினால் ட்ரெபிள் நிஜமாகவே மாறும். ஆனால் ஒரு மீட்டர் எச்டிஎம்ஐ மாற்றியதும் பேஸ் கூடியது என்பதை எப்படி ஏற்பது?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். அதே பதிவில் ஒருவர் "ஆம்ப் பிளக்குல எர்த் முள்ளை உடைச்சிடுங்க, சத்தம் நின்னுடும்" என்று எழுதியிருந்தார். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தபோது மனசு வலித்தது. ஆமாம், சத்தம் நிற்கும். உள்ளே லைன் ஒயர் விலகி உலோகப் பெட்டியைத் தொட்ட அன்றைக்கு, ஆம்பில் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

தம்பி, இதைப் படித்தால் அந்த முள்ளைத் தொடாதீர்கள். ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு உறுமல் நின்றதா என்று மட்டும் சொல்லுங்கள்.