ஃபுளோரன்ஸுக்குக் காரில் போனதற்குத் தண்டம்

வயிற்றெரிச்சல் அடங்கவே மாட்டேன் என்கிறது. இத்தாலி போய்வந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. இப்போது வந்து நிற்கிறது அபராதச் சீட்டு. ஒன்றல்ல, இரண்டு! ஃபுளோரன்ஸ் பழைய நகருக்குள் அனுமதியில்லாமல் காரை ஓட்டினேனாம். ஒரே மாலை, ஒரே வழி. ஆனால் இரண்டு கேமராக்களைத் தாண்டியதால் இரண்டு குற்றம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இத்தாலியில் ஃபுளோரன்ஸ், சியெனா, பீசா, லுக்கா என்று எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் நடுவில் இசட்.டி.எல். என்றொரு தடைப் பகுதி இருக்கும். குடியிருப்பவர்களும் அனுமதி பெற்ற வண்டிகளும் மட்டும்தான் உள்ளே போகலாம். ஃபுளோரன்ஸில் வார நாட்களில் காலை 7.30 முதல் இரவு 8 மணி வரை தடை. மறிக்க ஒரு கட்டையும் கிடையாது, ஆளும் கிடையாது. கம்பத்தில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சட்டத்தின் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. 1436-இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டி முடித்த அந்தப் பேராலயக் குவிமாடத்தின் கீழே கார்ப் புகை எதற்கு? 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்நகரின் மற்ற ஆற்றுப் பாலங்களையெல்லாம் தகர்த்தபோதும் தப்பிய பாலம் பொன்தே வெக்கியோ. அப்படிப்பட்ட ஊருக்குள் வண்டிகளை விடக்கூடாதுதான். எனக்குக் கோபமெல்லாம் அந்த ஓட்டல் மேலும், கார் வாடகைக்கு விட்ட கம்பெனி மேலும்தான்.

"வாசல் வரைக்கும் காரில் வரலாம், நம்பரை அனுப்புங்கள், நாங்கள் அனுமதிக்குப் பதிந்துவிடுகிறோம்" என்று எழுதியது ஓட்டல்காரர்கள். சாவி கைக்கு வந்ததுமே நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பினேன். சரி என்று பதிலும் வந்தது. அதை நம்பித்தான் நுழைந்தேன். 1860-களில் பழைய கோட்டைச் சுவரை இடித்துப் போட்ட அகலமான சாலைகளை விட்டு உள்ளே திரும்பியதும், பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் நகர முடியும் என்கிற மாதிரி சந்து. பின்னால் ஸ்கூட்டர்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. சிவப்பு வட்டம் போட்ட பலகையும் அதன் கீழே இத்தாலிய எழுத்துகள் ஓடும் மின்பலகையும் தெரிந்தன. பதிவு இருக்கிறதே என்ற தைரியத்தில் தாண்டினேன். வாசலில் பெட்டியை இறக்கி வைத்த பையன் சிரித்த முகத்தோடு வரவேற்றான்.

இப்போது கேட்டால், "சிஸ்டத்தில் ஏறவில்லை போலிருக்கிறது" என்று ஒற்றை வரிப் பதில். நீங்கள்தானே பதிவதாகச் சொன்னீர்கள்? ஒரு வருத்தமாவது தெரிவிக்க வேண்டாமா? காசைப் பற்றிக் கேட்டால் வாயே திறப்பதில்லை.

வாடகைக் கம்பெனி செய்தது இன்னும் அக்கிரமம். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதைதான். என் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்குக் கட்டணமாம். ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக, என்னைக் கேட்காமலேயே கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இது அபராதத்தில் சேராது, அபராதத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். கவுண்டரில் கூடுதல் இன்சூரன்ஸை என் தலையில் கட்ட அவ்வளவு நேரம் பேசினார்களே, இசட்.டி.எல். பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? தடைப் பகுதியைக் குறித்த ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டுக்காரர்களுக்குச் சீட்டு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. நமக்கோ, சீட்டு கைக்கு வந்து 5 நாளுக்குள் கட்டினால்தான் 30 சதவீதத் தள்ளுபடி. மேல்முறையீடு செய்ய 60 நாள். ஓட்டல் அனுப்பிய மெயிலை இணைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஊருக்குள் காரே தேவையில்லை. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக நுழையும்படி வில்லா கொஸ்தான்ஸா என்ற பார்க்கிங் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கே போய்விடலாம். ஓட்டல்காரர்களுக்கு இது தெரியாதா? அந்த மெயிலில் ஒரு வரி சேர்த்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அங்கே போகிறவர்கள் யாரும் "பதிந்துவிட்டோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த ஓட்டலே வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.