லெஸ்லி நீல்சனுக்கு ‘ஏர்ப்ளேன்!’ முதல் படமா? இல்லை

“லெஸ்லி நீல்சன் தொடக்கம் முதலே காமெடி நடிகர், 1980-இல் வந்த ஹாலிவுட் காமெடி ‘ஏர்ப்ளேன்!’தான் அவருடைய முதல் படம்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

கனடாவின் ரெஜைனா நகரில் 1926-இல் பிறந்தவர் நீல்சன். ‘ஏர்ப்ளேன்!’ வெளியானபோது அவருக்கு வயது 54. அதற்கு முன்பே முப்பது ஆண்டுகள் நடித்திருந்தார், பெரும்பாலும் சீரியஸான வேடங்களில். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகங்கள் நேரலையாகவே ஒளிபரப்பாயின. வசனம் தடுமாறினால் திரும்ப எடுக்க வழியில்லை. அவர் தேர்ந்தது அந்தக் களத்தில்தான். 1956-இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தில் விண்கலத் தளபதி, 1961-இல் ‘தி நியூ பிரீட்’ தொடரில் போலீஸ் அதிகாரி, 1972-இல் ‘தி பொசைடன் அட்வெஞ்சர்’ படத்தில் பேரலையில் கவிழும் கப்பலின் கேப்டன். இதில் எங்கே இருக்கிறது காமெடி?

‘ஏர்ப்ளேன்!’ இயக்குநர்கள் மூவரும் அவரைத் தேடிப் போனதற்குக் காரணமே அந்தக் கறார் முகம்தான். சீரியஸ் வேடங்களுக்குப் பெயர்போன நடிகர்கள் ராபர்ட் ஸ்டாக், பீட்டர் கிரேவ்ஸ், லாயிட் பிரிட்ஜஸ் ஆகியோரையும் அப்படியே தேர்ந்தெடுத்தார்கள். அபத்தமான வசனத்தைக்கூட மரண அறிவிப்பு வாசிப்பதுபோல நீல்சன் சொன்னார், திரையரங்கு குலுங்கியது. பழைய உழைப்பு இல்லாமல் அது வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு 1982-இல் நீல்சன் போலீஸ் அதிகாரியாக நடித்த ‘போலீஸ் ஸ்குவாட்!’ என்ற காமெடித் தொலைக்காட்சித் தொடர் ஆறே எபிசோடுகளில் நின்றுபோனது. அதே கதாபாத்திரம் 1988-இல் ‘தி நேக்கட் கன்’ படமாகத் திரும்பி வந்தது.