கறுப்பி சைக்கோ இல்லை சார்

மாடிப்படி எலி விவகாரம் இன்னும் அடங்கவில்லை. மாடிப்படியில் என் பூனை கறுப்பி எலி பிடித்ததைப் பார்த்து, எங்கள் குடியிருப்பில் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். துடைப்பத்தால் அடி வாங்கியதும் என் கறுப்பிதான், "சைக்கோ பூனை" என்று பட்டம் வாங்கியதும் அவள்தான். பிடித்த எலியைத் தின்று தொலைக்காமல் விட்டு விட்டுப் பிடித்துச் சித்திரவதை செய்கிறதாம்.

சித்திரவதை இல்லை சார், பயம். எலிக்கும் பல் இருக்கிறது. பூனை எலியைக் கொல்வது பிடரிக் கடியில். கோரைப்பல் முள்ளெலும்புகளுக்கு நடுவே இறங்கித் தண்டுவடத்தை அறுக்க வேண்டும். அதற்கு முகத்தை எலியின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயாக வேண்டும். போதாததற்கு, ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. மீசையை முன்னால் நீட்டித் தடவித்தான் கழுத்தைத் தேடும். அதனால்தான் முதலில் அறைந்து, தூக்கிப் போட்டு, எலியைக் களைக்க வைக்கிறது.

ஊரில் எங்கள் அப்பத்தா வீட்டுக் குதிருக்குக் காவல் ஒரு சாம்பல் பூனை. ஒரு தடவை அவசரப்பட்டுப் பெருச்சாளியைக் கவ்வி மேலுதட்டில் கடி வாங்கியது. சீழ் வைத்து முகம் ஒரு பக்கம் வீங்கி, பாலைக்கூட நக்க முடியவில்லை. அப்புறம் நாலு அறை அறையாமல் எதிலும் வாய் வைத்ததில்லை.

"வயிறு நிறையப் போடுகிறீர்களே, பிறகு எதற்கு வேட்டை?" பசி வேறு, வேட்டைத் துடிப்பு வேறு. ராபர்ட் அடமெக் என்ற ஆய்வாளர் 1976-லேயே இதைப் பார்த்துவிட்டார்: பிடித்த தீனியைத் தின்றுகொண்டிருந்த பூனைகள், எலியைக் கண்டதும் தீனியை விட்டுவிட்டுப் போய்க் கொன்றன. பசித்த பூனை சட்டென்று முடித்துவிடும். வயிறு நிறைந்தது துணியாமல் இழுத்தடிக்கும். அதைத்தான் நீங்கள் கொடூரம் என்கிறீர்கள்.

"அப்படியென்றால் அடக்கி வையுங்கள்." 2021-ல் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வு: தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டினால், வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 25 சதவீதம் குறைகிறது. நானும் தினமும் கயிறு ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மீதி 75-க்குத் துடைப்பமா?

குழந்தைகள் பார்க்கிறார்கள் என்ற வாதத்துக்கெல்லாம் பதில் சொல்வதாக இல்லை.

ஆனால் ஒன்று. கறுப்பியைக் கொடூரம் என்றவர் வீட்டு வாசலில் எலிப் பசை அட்டை இருக்கிறது. அதில் ஒட்டிய எலி ராத்திரி முழுக்கக் கத்தியதைக் கேட்டிருக்கிறேன். காலையில் அட்டையை அப்படியே மடித்து, உயிரோடு குப்பைத் தொட்டியில் போட்டார். அது சுகாதாரம்! கறுப்பி செய்தால் மட்டும் சைக்கோ. அடி வாங்கியதிலிருந்து அவள் பீரோவுக்கு அடியிலேயே கிடக்கிறாள். கூப்பிட்டால் காது மட்டும் திரும்புகிறது.

போன மழைக்காலத்தில் கார் வயரை எலி கடித்தபோது, "உங்க பூனையைக் கொஞ்சம் பார்க்கிங் பக்கம் விடுங்களேன்" என்று வந்து நின்றது யார் சார்? இனிமேல் கேட்காதீர்கள்.