பழைய நாடகம் என்றால் இலவசமா?
‘அமெச்சூர் குழுக்கள் வரும் சீசனுக்குப் பழைய நாடகங்களையே எடுத்தால் உரிமத் தொகை (மேடையேற்ற உரிமையாளருக்குத் தரும் காசு) மிச்சம்’ என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் 1904-லேயே இறந்துவிட்டார், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் மூல நாடகத்துக்குக் காசு தர வேண்டாம். ஆனால் நாம் மேடையேற்றுவது ரஷ்ய மூலத்தையா? மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டே. எங்கள் குழு இதில் நன்றாக மாட்டிக்கொண்டது. ஒத்திகை பாதி முடிந்து, சுவரொட்டியும் அடித்த பிறகு மொழிபெயர்ப்பாளரின் மகளிடமிருந்து கடிதம். உரிமத் தொகையை நியாயமாகத்தான் கேட்டார், தப்பு எங்களுடையது. ஒவ்வொரு முறை மேடையேற்றவும் தனித்தனித் தொகை என்பதால் ஆறு நாள் நிகழ்ச்சியை நான்காக்கினோம். சுவரொட்டிகளில் தேதிகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியது நான்தான், விரலெல்லாம் பசை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘நாமே மொழிபெயர்த்துவிட்டால் போச்சு’ என்கிறார். செய்யலாம், ஆனால் வசனம் நடிகர்கள் வாயில் உட்கார நாலு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.