கனமான ஹெட்போன்தான் நீடித்து உழைக்குமா?

"கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் வாங்குங்கள்; லேசாக இருந்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

எடையை வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது. 1984-ல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோ மிக லேசானது, விலையும் குறைவு. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் புழங்கும் சோனி எம்டிஆர்-7506 கூட, ஒயரை விட்டுப் பார்த்தால், கால் கிலோவுக்கும் குறைவுதான்.

பழுது பெரும்பாலும் ஒயரில்தான் தொடங்கும். பிளக்கின் கழுத்திலும், ஒயர் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் மடங்கி மடங்கி உள்ளே உள்ள மெல்லிய செப்பு இழைகள் அறுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும்; ஒயரை லேசாகத் திருகினால் மறுபக்கமும் வரும், போகும். ஒயரைக் கழற்றி மாற்ற முடிகிற மாடல் உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

அப்புறம் காது மெத்தை. செயற்கைத் தோல் வியர்வையில் செதில் செதிலாக உரியும். விலை உயர்ந்த ஹெட்போனிலும் இதே கதிதான். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். மடக்கும் மாடல் என்றால் கீலையும் ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.

சரி, கனத்தால் என்னதான் ஆகும்? உச்சந்தலையும் கழுத்தும் சீக்கிரம் வலிக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். பிடி இறுக்கமாக இருந்தால் கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே அழுத்தும்.