பீட்டா என்பது கூட்டுத்தொகை இல்லை

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் வேலையைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) ஆய்வை அங்கே ஸ்லைடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனரில் கிடைத்த சரியான பதில்கள் 40, தப்பானவை 8. இரண்டின் பீட்டாக்களையும் (ஒவ்வொரு வகைக்கும் மாடல் தரும் எண்) ஒப்பிட 1, -1 என்று கான்ட்ராஸ்ட், அதாவது அவற்றைப் பெருக்கிக் கூட்டும் எடைகள், போட்டிருந்தேன். அது குற்றமாம். எண்ணிக்கை சமமில்லையே, ஒன்றை 40ஆலும் இன்னொன்றை 8ஆலும் வகுக்க வேண்டாமா, இதுகூடத் தெரியாமலா எஃப்எம்ஆர்ஐ செய்ய வந்தீர்கள் என்று ஒரு மூத்தவரின் கேள்வி. சுற்றிச் சிரிப்பு வேறு.

வகுக்க வேண்டாம் ஐயா. பீட்டா என்பது கூட்டுத்தொகை இல்லை. அந்த வகை நிகழ்வு ஒன்றுக்கு சிக்னல் எவ்வளவு ஏறுகிறது என்ற மதிப்பீடு, கிட்டத்தட்ட ஒரு சராசரி. இரண்டு பீட்டாவும் 2 என்றே வையுங்கள், அதாவது மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். 2 கழித்தல் 2, பூஜ்யம். அவர் சொன்னபடி வகுத்தால் 0.05 கழித்தல் 0.25. இல்லாத வித்தியாசம் ஒன்று மைனஸ் 0.2 என்று முளைக்கும், நாமும் அதற்கு ஒரு கட்டுரை எழுதலாம். 8தான் இருக்கிறது என்பதால் அந்த மதிப்பீடு ஆட்டம் காணும், அதாவது ஸ்டாண்டர்டு எரர் பெருகும், உண்மைதான். ஆனால் அதை ஜிஎல்எம் (பீட்டாவை மதிப்பிடும் புள்ளியியல் மாடல்) டிசைன் மேட்ரிக்ஸிலிருந்தே, அதாவது எந்த நிகழ்வு எப்போது வந்தது என்ற அட்டவணையிலிருந்தே, கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எடையில் கை வைக்கத் தேவையில்லை.

எடை மாற வேண்டியது கண்டிஷன்களே ஒரு பக்கம் அதிகமாக இருக்கும்போது. அதில் நானும் விழுந்தவன்தான். முதல் வருடம், பயம், கோபம், மகிழ்ச்சி என்று மூன்று வகை முகங்கள், எதிரே சாதாரண முகம். 1 1 1 -1 என்று போட்டேன். மூளையின் பின்பக்கம் முழுக்க விளக்கு எரிகிறது. ராத்திரி ஒரு மணிக்கு வழிகாட்டிக்குப் படம் அனுப்பிவிட்டுத்தான் தூங்கினேன். காலையில் ஒரே வரி: 'எடைகளைக் கூட்டிப் பார்.' கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வந்தது 2. திரையில் முகம் தெரிந்தால் பார்வைப் புறணி (பார்ப்பதைக் கையாளும் மூளையின் பின்பக்கப் பகுதி) வேலை செய்யும் என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்! கடைசி எடை -3 ஆக இருந்திருக்க வேண்டும். அவர் நினைத்திருந்தால் பத்துப் பேர் முன்னால் வைத்து இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உடனே சிலர் வருவீர்கள், பேட்டர்ன் கிளாசிஃபிகேஷனில் (மூளைப் படத்தை வைத்து அது எந்த வகை என்று கணினி ஊகிப்பது) இது சிக்கல்தானே என்று. ஆமாம், 40க்கு 8 என்றால் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று சொன்னாலே 83 சதவீதம் வந்துவிடும். நான் செய்தது அது இல்லை, விடுங்கள்.

மூத்தவர், நல்லெண்ணத்தில் கேட்டார் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் கேட்டவர் பதிலையும் கேட்டிருப்பார். நான் வாயைத் திறந்ததும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கும் சிரித்தவர்களில் இரண்டு பேருக்கு நான்தான் கான்ட்ராஸ்ட் போட்டுக் கொடுத்தேன், போகட்டும்.

8 போதுமா என்று கேட்டிருந்தால் நியாயம். அதற்குத்தான் நானே பயந்துகொண்டிருந்தேன். ஒருவர் இரண்டாவது ரன்னில் (ஸ்கேனின் இரண்டாவது சுற்றில்) ஒரு தப்புகூடச் செய்யவில்லை. டிசைன் மேட்ரிக்ஸில் அந்த ரன்னின் தப்புக்கான நெடுவரிசை முழுக்கப் பூஜ்யம், மதிப்பிட முடியாது என்று எஸ்பிஎம் மென்பொருள் அதைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறது. அந்த ரன்னை விட்டுவிட்டு மற்ற ரன்களின் எடைகளைச் சரிக்கட்டி, அவருடைய கான்ட்ராஸ்ட் படம் மற்றவர்களுடைய படங்களின் அதே அளவில்தான் வருகிறதா என்று பார்த்து முடிக்க ஒரு ராத்திரி போனது. 17வது ஸ்லைடு முழுக்க அதுதான். என்னை 6வது ஸ்லைடிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.